அராபா கைக்கு வந்த பேண்டு செட்டு

விவாகரத்து முடிந்த பத்தொன்பதாம் நாள், சிமெண்ட் கடை முதலாளி பென்ட்சில் என்பவர் அராபாவின் கெங்கிக் கொட்டகைக்கு வந்தார். புளித்த சோளமாவில் அவித்து, அப்போதுதான் வாழைச்சருகு பிரித்த சூடான கெங்கி நாலு உருண்டை, பொரித்த மீன் இரண்டு, பக்கத்தில் ஒரு குவியல் மிளகாய்த் துவையல் என்று வாங்கிக்கொண்டு சாவகாசமாகச் சாப்பிட்டார். விரல்களை ஒவ்வொன்றாகச் சூப்பினார். கை கழுவினார். எழுந்து நடந்தார்.

“சேர்மன், நாற்பது சேடி,” என்றாள் அராபா. பெரிய கடைக்காரர் என்பதால் ஊரே அவரை அப்படித்தான் கூப்பிடும்.

பென்ட்சில் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். “உன் புருஷன் என் கடையில நாற்பது மூட்டை சிமெண்ட் எடுத்திருக்கான், காசு தரல. அதுல கழிச்சுக்கோ.”

“எந்தப் புருஷன்? எனக்குத்தான் புருஷனே இல்லையே!”

“அதெல்லாம் உங்க ரெண்டு குடும்பத்துக்குள்ள. என் நோட்டுல நீ இன்னும் அவன் பொண்டாட்டிதான்.”

கொட்டகையில் இருந்தவர்கள் எல்லாரும் கெங்கியை விட்டுவிட்டு இதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அராபாவின் கையில் மாவு கிண்டுகிற துடுப்பு இருந்தது. அதைச் சட்டிக்குள் கொஞ்சம் வேகமாகத் திருப்பினாள்.

புருஷன் கோபினாவும் அவளும் பிரிந்தது நல்லவிதமாகத்தான். அவன் குடிகாரனல்ல, கை நீட்டுபவனுமல்ல. எடுமாசி ஊரின் பேண்டு செட்டு அவனுடையது. டிரம்பெட் வாசிப்பான். அவன் வாசித்தால் சாவு வீட்டில்கூடக் கால் தானாகத் தாளம் போடும். அந்த வாசிப்பைக் கேட்டுத்தான் அராபாவும் பதினாலு வருஷத்துக்கு முன்னால் மயங்கினாள். பிறகு டக்கோராடியில் வேறொருத்தியும் மயங்கினாள். “நான் என்ன பண்ணட்டும், அராபா? கேக்கறவங்க கேக்கறாங்க,” என்றான். அவள் அழுது முடித்துவிட்டு, ஹாஸ்டலில் படிக்கிற மகளுக்கும் சொல்லிவிட்டு, தன் மாமன் வீட்டில் இரண்டு குடும்பத்தையும் கூப்பிட்டு உட்காரவைத்தாள். வழக்கப்படி, கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் கொடுத்த மது புட்டியைப் பெண் வீட்டார் திருப்பிக் கொடுத்தார்கள். கோபினாவின் பெரியப்பா விடுவித்ததற்கு அடையாளமாக அவள் தோளில் வெள்ளைக் களிமண் தூவி, இனி இவள் உங்கள் பெண் என்று சொல்லிவிட்டார். “ரெண்டு பேருக்கும் நடுவுல கொடுக்கல் வாங்கல் ஏதாச்சும் இருக்கா?” என்று கேட்டபோது கோபினா எழுந்து நின்று, இனிமையான குரலில், “ஒரு பைசா கூட இல்லை,” என்றான்.

அது உண்மைதான். அவர்கள் இருவருக்கும் நடுவில் ஒன்றும் இல்லை. ஊருக்கும் அவனுக்கும் நடுவில் இருந்ததைப் பற்றி யாரும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. மறுநாளே டக்கோராடிக்கு வண்டி ஏறிவிட்டான்.

பென்ட்சில் வந்துபோன மூன்றாம் நாள் துணிக்கடை மாமே எசாபா வந்தார். அவர் மிரட்டவில்லை, அழுதார். பேண்டு ஆட்களுக்குப் பன்னிரண்டு மஞ்சள் கோட்டு தைக்கத் துணி கொடுத்தாராம், காசு வரவில்லையாம். “அந்தப் பய என்னை ‘அம்மா’ன்னு கூப்பிட்டாண்டி. நெஞ்சு உருகிடுச்சு. அளக்கறப்ப கையும் உருகிடுச்சு, ரெண்டு கெஜம் சேர்த்தே கொடுத்துட்டேன்!”

நாற்பது மூட்டை சிமெண்ட் எங்கே போனது என்று ஊருக்கே தெரியும். பேண்டு ஆட்கள் பயிற்சி செய்ய ஒரு மண்டபம் என்று கோபினா கட்ட ஆரம்பித்தான். சுவர் முழங்கால் உயரம் வந்ததோடு சரி. இப்போது அதன்மேல் ஆடுகள் ஏறி நிற்கின்றன.

இதெல்லாம் போதாதென்று வியாழக்கிழமை ஒரு கடிதம் வந்தது. சேமிப்புக் கடன் கம்பெனியிலிருந்து. பேண்டு வாத்தியங்கள் வாங்கக் கோபினா வாங்கிய கடனில் ஐயாயிரத்து நானூறு சேடி பாக்கி. ஜாமீன் கையெழுத்து: அராபா எசில்ஃபி.

அராபாவுக்கு அந்தக் கையெழுத்து ஞாபகம் வந்தது. சட்டி கொதித்துக்கொண்டிருந்தது. கையெல்லாம் மாவு. “சும்மா ஒரு சம்பிரதாயம், கண்ணு,” என்று கோபினா காகிதத்தை நீட்டினான். மாவுக் கையோடேயே போட்டாள். கடிதத்தோடு வந்திருந்த நகலில்கூட அந்த விரல் அச்சு கறையாகத் தெரிந்தது.

கூட மாவு பிசைகிற அபா, “அக்கா, ஊரை விட்டு ஓடிடலாமா?” என்றாள். பாதி வேடிக்கையாகத்தான்.

“நான் எதுக்கு ஓடணும்? ஓடறவன்தான் ஓடிட்டானே. நாளைக்குச் சட்டியை நீ பாத்துக்க. நான் வின்னேபா போறேன்.”

வின்னேபாவில் ஏழைகளுக்கு இலவசமாகச் சட்ட உதவி செய்கிற அலுவலகம் இருந்தது. அங்கே மிஸ் கார்ட்டி என்ற வக்கீலம்மா இருந்தார். ஆள் பொடிசு. வேர்க்கடலையை உரித்து வாயில் போட்டுக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார். அராபா தன் கதையைச் சொல்லி முடித்தபோது மேசையில் தோல் மலை போலக் குவிந்திருந்தது.

“சிமெண்ட்டுக்கு நீ கையெழுத்துப் போட்டியா?” என்றார்.

“இல்லைம்மா.”

“சிமெண்ட் உன் வீட்டுக்கு வந்துச்சா? சுவர் கட்டுனியா, தரை பூசினியா?”

“ஆடுதான் ஏறி நிக்குது.”

“அப்ப கடனை ஆட்டுக்கிட்ட கேக்கச் சொல்லு.” மிஸ் கார்ட்டி சிரிக்கவேயில்லை. இன்னொரு கடலையை உடைத்தார். “துணிக்கு?”

“இல்லைம்மா. எனக்குத் தெரியாது.”

“அப்ப அதுவும் உன்னோடது இல்ல. பொண்டாட்டியா இருந்தப்பவே அது உன் கடன் இல்ல. இப்ப எங்கேர்ந்து உன் கடனாகும்? யார் வந்து கேட்டாலும் அவன் விலாசத்தைக் கொடு. ஆனா இந்த ஜாமீன்...” காகிதத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். “இது உன்னோடதுதான். இந்த விரல் உன் விரல். கட்டித்தான் ஆகணும்.”

அராபாவுக்கு முகம் வாடியது. மிஸ் கார்ட்டி காகிதத்தின் பின்பக்கத்தைப் புரட்டினார். படித்தார். மறுபடியும் படித்தார். அப்போதுதான் முதல்முறையாகச் சிரித்தார்.

“இந்த வாத்தியங்களை எல்லாம் கடனுக்கு ஈடா எழுதி வச்சிருக்கான். எங்க இருக்கு அதெல்லாம்?”

“என் வீட்டுப் பின்னறையில. எடுத்துட்டுப் போக அவனுக்கு லாரி வாடகை இல்லை.”

“கேட்டுக்கோ. அவனுக்காக நீ கட்டினா, கடன் கொடுத்தவனோட உரிமை உனக்கு வந்துடும். கம்பெனிக்கு நான் எழுதறேன், கோபினாவுக்கும் நோட்டீஸ் அனுப்பறேன். ஒண்ணு அவன் உன் காசைக் கட்டி மீட்டுக்கணும், இல்லேன்னா பேண்டு செட்டு உன்னோடது.”

ஊருக்குத் திரும்பும் வேனில் அராபா ஜன்னலோரம் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே வந்தாள். பக்கத்தில் கோழிக்கூடையோடு இருந்த அம்மாள், “என்ன, லாட்டரி விழுந்துச்சா?” என்று கேட்டாள். “மூணு கடன்ல ரெண்டு போயிடுச்சு!” என்றாள் அராபா. அந்த அம்மாளும் காரணம் கேட்காமல் சேர்ந்து சிரித்தாள்.

ஆனால் மூன்றாவது கடன் சிரிக்கிற விஷயமல்ல. சொந்தமாக ஒரு மாவு மில் வாங்க வேண்டும் என்று ஏழு வருஷமாக அவள் சேர்த்து வைத்திருந்தது ஆறாயிரம் சேடிக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டு நாள் மாவு கிண்டிக்கொண்டே யோசித்தாள். கட்டாவிட்டால் கம்பெனிக்காரன் வாத்தியங்களை அடிமாட்டு விலைக்கு விற்பான், மீதிக்கு இவள் கழுத்தைப் பிடிப்பான். கட்டினால் மில் போகும். மூன்றாம் நாள் பணத்தை எடுத்துத் துணியில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டாள்.

“அக்கா, மில் போயி ஊதுகுழலா?” என்றாள் அபா.

“மில்லு மாவு அரைக்கும். இது என்ன பண்ணும்னு பாக்கலாம்.”

பணம் கட்டி ரசீது வாங்கித் திரும்புகிற வழியில் நேராகப் பென்ட்சில் கடைக்குப் போனாள். கடையில் நல்ல கூட்டம்.

“சேர்மன், நாலு கெங்கி, ரெண்டு மீன். நாற்பது சேடி.”

“நான்தான் சொன்னேனே...”

“வக்கீலம்மா சொன்னாங்க, கோபினா கடன் கோபினாவோடது. ஆனா நீங்க தின்ன மீன் நீங்க தின்னதுதானாம். விலாசம் வேணும்னா இந்தாங்க.” டக்கோராடி விலாசம் எழுதிய சீட்டைக் கல்லாவின்மேல் வைத்தாள்.

ஆணி வாங்க வந்த தச்சன் ஒருவன், “கொடுத்துடுங்க சேர்மன், மீன் பாவம் பொல்லாதது,” என்றான். கடையே சிரித்தது. பென்ட்சில் நாற்பது சேடியை எண்ணிக் கொடுத்தார். முகத்தில் சிமெண்ட் பூசியது போலிருந்தது.

கோபினாவுக்கு நோட்டீஸ் போனது. மாதம் இரண்டு கடந்தும் பதில் இல்லை. பேண்டு செட்டு இனி அராபாவுடையது என்று மிஸ் கார்ட்டி ஒரு காகிதத்தில் முத்திரை குத்தி அனுப்பினார். அன்றைக்கு அராபா பின்னறையைத் திறந்து, எல்லாவற்றையும் முற்றத்தில் எடுத்துப் போட்டு, எலுமிச்சையும் சாம்பலும் வைத்துத் தேய்த்தாள். டிரம்பெட் மூன்று, டிராம்போன் இரண்டு, தாளத்தட்டு, முரசுகள், அப்புறம் மலைப்பாம்பு போல உடம்பைச் சுற்றிக்கொள்ளும் ஒரு பெரிய ஊதுகுழல். வெயிலில் முற்றமே தங்கமாக மின்னியது.

அந்த மினுமினுப்பைப் பார்த்துத்தான் வந்தார்களோ என்னவோ, மறுநாள் காலை ஒன்பது ஆண்கள் வேலியோரம் வரிசையாக நின்றார்கள். பேண்டு ஆட்கள். முன்னால் நின்றவன் பெரிய ஊதுகுழல் வாசிக்கும் பைடூ. கதவை அடைக்கிற உடம்பு, குழந்தை மாதிரி குரல்.

“ஆன்ட்டி, கோபினா மாஸ்டர் எங்களுக்குப் பதினோரு சாவுக்குக் கூலி பாக்கி.”

“அதை மாஸ்டர்கிட்ட கேளு தம்பி. அந்தக் கடன் என்னோடது இல்ல. வக்கீலே சொல்லியாச்சு.”

“கேக்க வரல ஆன்ட்டி.” பைடூ தொப்பியைக் கையில் சுருட்டினான். “அதோ, அது நல்லா இருக்கான்னு பாக்க வந்தேன்.” பெரிய ஊதுகுழலைக் காட்டினான். பிரிந்த பிள்ளையைப் பார்ப்பது போல இருந்தது அவன் பார்வை. “ஒரே ஒரு தடவை ஊதிக்கட்டுமா?”

ஊதினான். பக்கத்து வீட்டுக் கோழிகள் பறந்தன. மற்ற எட்டுப் பேரும் ஒரு வார்த்தை பேசாமல் அவரவர் வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டார்கள். கெங்கி வாங்க வந்தவர்கள் கூடையைத் தலையிலிருந்து இறக்காமலேயே ஆட ஆரம்பித்தார்கள். அன்று மதியத்துக்குள் மூன்று சட்டி கெங்கி விற்றுத் தீர்ந்தது.

அராபா சட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து கேட்டாள்: “இவ்வளவு நல்லா வாசிக்கிறீங்களே, வாரம் ஒரு சாவு, ரெண்டு கல்யாணம் வருமே. அப்புறம் ஏன் காசு இல்லாமப் போச்சு?”

ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முரசு அடிக்கும் ஆட்டாதான் சொன்னான். “யாராச்சும் ‘மாஸ்டர், உன்ன மாதிரி வாசிக்க ஆளே இல்ல’ன்னு சொன்னாப் போதும். மாஸ்டர் காசு வேணாம்னுடுவாரு.”

“எத்தனை பேரு அப்படிச் சொன்னாங்க?”

“எல்லாரும்தான் ஆன்ட்டி. காசு மிச்சமாகுதே.”

அராபா வயிறு குலுங்கச் சிரித்தாள். பதினாலு வருஷம் கூட வாழ்ந்த ஆள் அப்படியே கண்முன் வந்து நின்றான். “சரி. என்னை யாரும் அப்படிப் புகழ முடியாது. எனக்கு ஊதவே தெரியாது. பாதிக் காசு முன்பணம், மீதி வாசிக்கப் போறதுக்கு முன்னால. கூலி அன்னைக்கே கையில. சம்மதமா?”

பைடூ அவளைக் கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டான். இறக்கிவிடச் சொல்லி அவள் துடுப்பால் அடித்தபிறகுதான் இறக்கினான்.

இரண்டே மாதத்தில் பேண்டு செட்டுக்குச் சனிக்கிழமையே காலி இல்லை. அராபாவே போய் விலை பேசினாள். தேதி பேசினாள். போகிற இடத்தில் ஆட்களுக்குச் சாப்பாடு உண்டா என்று முதலில் கேட்டாள். மாமே எசாபாவிடம் புதிதாகத் தொப்பிக்குத் துணி எடுத்து ரொக்கமாகக் கொடுத்தாள். “நீ மட்டும் ‘அம்மா’ன்னு கூப்பிடாதேடி, எனக்குப் பயமாயிருக்கு,” என்றார் எசாபா.

பென்ட்சிலின் மாமனார் செத்துப்போனது ஜூலையில். பெரிய மனுஷன் வீட்டுச் சாவு. பேண்டு இல்லாமல் பெட்டி நகராது. பென்ட்சில் கொட்டகைக்கு வந்தார். இந்தமுறை கெங்கி எதுவும் வாங்கவில்லை.

“அராபா, நீயும் நானும் பழகினவங்க. நாற்பது மூட்டைல கழிச்சுக்கலாமே?”

“யாரோட நாற்பது மூட்டை, சேர்மன்?”

பென்ட்சில் தலையைச் சொறிந்தார். கொட்டகை முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தது.

“...கோபினாவோட.”

“ஆங். இப்ப சரியாச் சொன்னீங்க. பாதி முன்பணம்.”

அவர் கொடுத்தார். அராபா அவருக்கு ஒரு கெங்கியை இலவசமாக எடுத்து வைத்தாள். “துக்க வீடு, வெறும் வயித்தோட போகாதீங்க.” அன்றைக்குப் பேண்டு செட்டு அந்தக் கிழவரை இடுகாடு வரை ஆடவைத்தே கொண்டுபோனது. பெட்டி தூக்கியவர்களோடு பென்ட்சிலும் வியர்க்க வியர்க்க ஆடினார். முடிந்ததும் அராபாவின் கையைப் பிடித்து, “என் மாமனார் உசுரோட இருந்தப்பகூட இவ்வளவு சந்தோஷமா இருந்ததில்ல,” என்றார்.

ஆகஸ்ட் கடைசியில் அக்வாம்போ திருவிழா வந்தது. ஊரின் பழைய பாதைகளை வெட்டித் திறந்து, எங்கெங்கோ பிழைக்கப் போனவர்கள் எல்லாரும் திரும்பி வருகிற நாள். காலை ஊர்வலம் கிளம்ப அரைமணி இருக்கும்போது ஆட்டாவின் தங்கை ஓடிவந்தாள். அவன் மனைவிக்கு வலி கண்டுவிட்டது. ஆட்டா பெரிய முரசைக் கழற்றி அராபாவின் கையில் கொடுத்துவிட்டு ஒரே ஓட்டமாக ஓடினான்.

“இப்ப யாரு அடிக்கிறது?” என்றான் பைடூ.

அராபாவுக்கு வாசிக்கத் தெரியாது. ‘உனக்குக் காது கெங்கிக் காது’ என்று கோபினா கிண்டல் செய்வது வழக்கம். ஆனால் இருபது வருஷமாகக் கொதிக்கும் மாவை ஒரே சீராகக் கிண்டிய தோள் அவளுடையது. ஒரு நொடி நின்றாலும் அடிபிடித்துவிடும் என்று கற்ற தோள். முரசை மாட்டிக்கொண்டாள். ஓர் அடி அடித்துப் பார்த்தாள். மறுபடி ஓர் அடி. பைடூவின் கண்கள் அகன்றன. “ஆன்ட்டி, நிறுத்தாதீங்க! அப்படியே!”

ஊர்வலம் கிளம்பியது. தெரு முழுக்க வெள்ளை முகப்பவுடர், கொடி, பாட்டு. ஹாஸ்டலிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த மகள் எஃப்வா முன்னால் ஆடிக்கொண்டே திரும்பிப் பார்த்து, “மா! நீயா அடிக்கிற?” என்று கத்தினாள். அராபாவுக்குப் பதில் சொல்ல மூச்சில்லை. சிரிப்பு மட்டும் நிற்கவில்லை.

வண்டி நிறுத்தத்தருகே ஊர்வலம் திரும்பும்போது டக்கோராடி வேனிலிருந்து ஓர் ஆள் இறங்கினான். வெள்ளை ஷூ, இஸ்திரி போட்ட சட்டை. கோபினா. முரசுக்குப் பின்னால் இருப்பது யார் என்று பார்த்ததும் கையிலிருந்த பையைக் கீழே போட்டான்.

பாட்டு முடிந்து ஆட்கள் தண்ணீர் குடிக்கும்போது பக்கத்தில் வந்தான். இளைத்திருந்தான். டக்கோராடிக்காரி மயக்கம் தெளிந்து கதவைச் சாத்திவிட்டாள் என்று ஊரில் பேச்சு. அராபா கேட்கவில்லை.

“அராபா, என் டிரம்பெட்டு...”

“என் டிரம்பெட்டு.”

அவன் நீட்டிய கையை இழுத்துக்கொண்டான். “உன் டிரம்பெட்டை இன்னிக்கு நான் ஊதலாமா?”

அவள் முரசின்மேல் கையை ஊன்றி யோசித்தாள். “கூலிக்கு வர்றியா? மத்தவங்களுக்கு என்னவோ அதேதான். நீ மாஸ்டர் இல்ல, பைடூதான் மாஸ்டர்.”

“கூலிக்கே வர்றேன்.”

அவன் உதட்டில் வைத்து ஊதியபோது அராபாவின் கைமயிர் சிலிர்த்தது. அதை மறைக்க அவள் முயலவில்லை. நல்ல வாசிப்பு நல்ல வாசிப்புதான். ஆனால் பதினாலு வருஷத்தில் முதன்முறையாக அவன்தான் அவள் தாளத்துக்கு வாசித்தான். அவள் வேகம் கூட்டினால் அவனும் கூட்டினான். அவள் நிறுத்தினால் ஊரே நின்றது.

பொழுது சாயும் நேரத்தில் வண்டி நிறுத்தத்து மரத்தடியில் கூலி கொடுத்தாள். கோபினாவின் முறை வந்தது. அவனுக்கு இரண்டு பக்கமும் பென்ட்சிலும் மாமே எசாபாவும் எப்போது வந்து நின்றார்கள் என்றே தெரியவில்லை. பின்னால் எட்டு பேண்டு ஆட்கள்.

அராபா பணத்தை அவன் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டாள். “இது உன் காசு. உன் கடனுக்குன்னு நான் யாருக்கும் பிடிச்சுக் கொடுக்கல. இனி உன் பாடு, அவங்க பாடு.”

கோபினா சுற்றிப் பார்த்தான். ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. யாராவது, மாஸ்டர் உன்ன மாதிரி வாசிக்க ஆளே இல்லை என்று சொல்வார்களா என்று அவன் எதிர்பார்த்திருக்கலாம். “நல்லாத்தான் வாசிச்சே. முதல்ல எனக்குக் கொடு,” என்றார் எசாபா. கூட்டம் ஓவென்று சிரித்தது. அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எசாபாவுக்குப் பாதி, பென்ட்சிலுக்குக் கால் என்று எண்ணிக் கொடுத்துவிட்டு, மிச்சத்தில் ஆட்கள் எல்லாருக்கும் சோடா வாங்கிக் கொடுத்தான்.

பிறகு அராபாவின் அருகில் வந்து, தணிந்த குரலில், “நாம மறுபடியும்...” என்று ஆரம்பித்தான்.

“சனிக்கிழமை மங்கெசிம்ல ஒரு சாவு. காலைல ஆறு மணிக்கு வண்டி கிளம்பும். லேட்டா வந்தா பாதிக் கூலி,” என்றாள் அராபா.

அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் அவனுக்கு எல்லாவற்றையும் சொல்லியிருக்க வேண்டும். தலையாட்டிவிட்டுப் போனான். அந்தச் சனிக்கிழமை லேட்டாக வந்து பாதிக் கூலிதான் வாங்கினான். அதற்கடுத்த வாரம் ஐந்தரைக்கே வந்து வண்டிமேல் உட்கார்ந்திருந்தான். கிறிஸ்துமஸுக்குள் துணிக் கடன் தீர்ந்தது. சிமெண்ட் கடன் இன்னும் ஓடுகிறது. ஆனால் பென்ட்சில் அதைப் பற்றி அராபாவிடம் பேசுவதேயில்லை.

திருவிழா அன்றைக்கு ஆட்டாவுக்குப் பிறந்தது பெண் குழந்தை. அவன் வேலைக்குத் திரும்பி வந்து முரசுக்குக் கை நீட்டியபோது அராபா கொடுக்கவில்லை. அவனுக்குச் சின்ன முரசைக் கொடுத்தாள். அடுத்த ஞாயிறு கேப் கோஸ்ட்டில் ஒரு கல்யாணம் இருந்தது. அன்று கெங்கிச் சட்டியை அபாவிடம் விட்டுவிட்டு, மஞ்சள் கோட்டு ஒன்றை இடுப்பில் பிடித்துத் தைத்துப் போட்டுக்கொண்டு, பெரிய முரசை மடியில் வைத்தபடி டிரைவர் பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள்.

“போலாமா ஆன்ட்டி?” என்றான் பின்னாலிருந்து பைடூ.

அவள் முரசில் இரண்டு அடி அடித்தாள். வண்டி கிளம்பியது.